திரும்பும் சீட்டு

கடல் கடந்து செல்ல எண்ணும் எவரையும் வேற்று நாட்டார் கேட்கும் கேள்விகளில் தலையாயது ஒன்றுண்டு. "எப்போது திரும்புவீர்?" என்பதே அது. போகும் சீட்டைக் காட்டு. கூடவே திரும்பும் சீட்டையும் காட்டு. வங்கியில் இருப்பு எவ்வளவு, காட்டு. ஊரிலே உனக்கோர் உத்தியோகம் உண்டு, அதை விட்டு நீ ஓடிவிடமாட்டாய் என்று தலைமையாசிரியர் எழுதித் தந்த கடிதம் எங்கே, அதையும் காட்டு. தென்னாப்பிரிக்காவுக்கான விசா விண்ணப்பத்துக்கு இத்தனையும் வேண்டியிருக்கிறது. கேட்கட்டும்! காட்டுவதற்கு நம்மிடம் எல்லாம் இருக்கின்றன. வரும் கோடை விடுமுறையில், மே திங்களில், எட்டு நாள் டர்பன் மாநகரில் தங்கி வருவதென்று முடிவு செய்திருக்கிறோம். நம் பள்ளிப் புவியியல் ஆசிரியரும் உடன் வருகிறார். இரண்டு திங்களாக இதே பேச்சு, இதே கணக்கு. இதுவரை விமானப் படிக்கட்டில் கால் வைத்தறியாத ஒருவனுக்கு ஏற்பாடு செய்வதே பாதிப் பயணம் என்பதை வாசகத் தோழர்கள் ஒப்புவர்.

"டர்பனா? அது எங்கேயப்பா இருக்கிறது?" என்றார் நண்பர் ஒருவர். "சிங்கப்பூர் இல்லையா, துபாய் இல்லையா, அதையெல்லாம் விட்டுவிட்டு..." என்று இழுத்தார் இன்னொருவர். ஆப்பிரிக்கா என்றதும் சிலர் கண்ணுக்குச் சிங்கமும் யானையுமே தெரிகின்றன. அங்கே மாநகரங்கள் உண்டு, துறைமுகங்கள் உண்டு, பல்கலைக்கழகங்கள் உண்டு என்பது தெரிவதில்லை. அவர்களுக்கெல்லாம் விடை கூறிவிட்டோம். அன்னையார் கேட்ட கேள்விதான் நம்மை நிறுத்தி வைத்தது. "காசைக் கொட்டி அவ்வளவு தூரம் போறியே கண்ணு, அங்க நமக்குன்னு யாரு இருக்கா?"

யார் இருக்கிறார்கள்? நம் குடும்பத்திலிருந்து எவரும் ஆப்பிரிக்கா போனதாக வழிவழிச் செய்தி ஏதுமில்லை. தேடிக் கண்டுபிடிக்க ஒரு பாட்டனும் இல்லை, கட்டித் தழுவ ஒரு பேரனும் இல்லை. ஆயினும் அன்னையாரிடம் "யாருமில்லை அம்மா" என்று சொல்ல நாவெழவில்லை. அதற்குக் காரணம் நம் வகுப்பறையில் இருக்கிறது.

சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தோம். 1893-ஆம் ஆண்டு சூன் 7-ஆம் நாள் இரவு, முதல் வகுப்புச் சீட்டு வைத்திருந்த காந்தியாரைப் பீட்டர்மாரிட்சுபர்க் நிலையத்தில் இரயிலிலிருந்து இறக்கிவிட்ட கதை. சொல்லி முடித்தோம். மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்தாள். "சார், காந்தி ஒரு வழக்குக்காகப் போனாரு. அங்க முன்னாடியே நம்ம ஆளுங்க இருந்தாங்கன்னு சொன்னீங்களே, அவங்கல்லாம் எதுக்குப் போனாங்க?" நம் பாடக் குறிப்பில் அதற்கு விடை இரண்டே வரி. அந்த இரண்டு வரியைத் துருவப் புகுந்தோம். துருவத் துருவ டர்பன் வந்து நின்றது.

1860-ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னைத் துறையிலிருந்து 'ட்ரூரோ' என்னும் கப்பல் புறப்பட்டது. ஆணும் பெண்ணும் குழந்தையுமாக 342 பேர். ஏறத்தாழ ஐந்து வாரம் கடலில் கிடந்து, நவம்பர் 16-ஆம் நாள் அது டர்பன் துறையை அடைந்தது. நேட்டால் என்பது அப்போது ஆங்கிலேயரின் குடியேற்ற நாடு. அந்த மண்ணில் கரும்பு செழிக்கும் என்று கண்டுகொண்ட தோட்ட முதலாளிகளுக்கு அதை நடவும் வெட்டவும் கைகள் வேண்டியிருந்தன. மண்ணுக்குரிய சூலு மக்களோ தம் நிலம், தம் மாடு என்று வாழ்ந்தவர்கள். அந்நியன் வகுத்த கூலிக்கும் கெடுவுக்கும் கட்டுண்டு ஆண்டு முழுதும் கரும்பு வெட்ட அவர்கள் முன்வரவில்லை. வராவிட்டால் என்ன, கடலுக்கப்பால் பசியும் பஞ்சமும் மலிந்த நாடு ஒன்று நம் ஆட்சியில்தானே இருக்கிறது என்றனர். ஐந்தாண்டு ஒப்பந்தம். முதலாண்டில் திங்களுக்குப் பத்து ஷில்லிங், பிறகு ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயர்வு. பெண்ணுக்கு அதில் பாதி. 1911-இல் இந்த வழி அடைபடும்வரை போனவர் தொகை 1,52,184. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள், தமிழர், தெலுங்கர். வடஆர்க்காட்டார் உண்டு, செங்கற்பட்டார் உண்டு, தஞ்சையார் உண்டு, திருச்சியார் உண்டு.

அத்தனை பேருக்கும் பட்டியல் எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் நம்மை வியக்க வைத்தது. ஆளுக்கோர் எண். பெயர், தந்தை பெயர், வயது, உயரம், மாவட்டம், ஊர், உடலில் உள்ள தழும்பு, மச்சம். இவற்றோடு சாதி! கடல் தாண்டினால் சாதி கெடும் என்று சாத்திரம் பேசிய நாட்டில், கடல் தாண்டப் போகிறவனை நிறுத்திச் சாதி கேட்டு எழுதிக்கொண்டு ஏற்றினான் வெள்ளையன். எழுதினானே தவிர, ஐந்து வாரம் ஒரே தளத்தில் நெருக்கியடித்துக் கிடந்தவர்களுக்கு எட்டி நில் என்று சொல்ல இடம் ஏது? அந்தப் பட்டியலைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

ஒப்பந்தத்தில் ஒரு வாக்கு இருந்தது. ஐந்தாண்டு ஒப்பந்த வேலை, அதன்மேல் இன்னும் ஐந்தாண்டு அந்நாட்டு வாழ்க்கை. ஆகப் பத்தாண்டு கழித்தவர்க்கு ஊர் திரும்பக் கட்டணமில்லாக் கப்பற் சீட்டு. 1871-இல் முதற்கூட்டம் சென்னை வந்திறங்கியது. வந்தவர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வாய்மூடி ஊர் போய்ச் சேரவில்லை. அடித்தார்கள், கூலியைப் பிடித்தார்கள் என்று அதிகாரிகளிடம் முறையிட்டார்கள். ஆள் அனுப்புவது 1866-இலேயே நின்றுபோயிருந்தது. அதை மீண்டும் தொடங்கத் துடித்தது நேட்டால். இந்திய அரசோ விசாரணை வேண்டும் என்றது. 1872-இல் விசாரணைக் குழு அமைந்தது, காப்பாளர் ஒருவரை அமர்த்த நேர்ந்தது, அதன்பின்னரே 1874-இல் கப்பல்கள் மறுபடி புறப்பட்டன. எழுத்தறியாத ஏழைகளின் வாய்ச்சொல், ஓர் ஆட்சியைச் சிறிது நேரமாவது தலைசொரிய வைத்தது! திரும்பும் சீட்டு இருந்ததால் அல்லவா அந்த உண்மை கடலைத் தாண்டி வந்தது?

பிறகு அதே சீட்டு முகம் மாறியது. ஒப்பந்தம் முடித்தவர்களில் பலர் ஊர் திரும்பாமல் காய்கறி பயிரிட்டனர், மீன் பிடித்தனர், கூடை சுமந்து விற்றனர், கடை வைத்தனர். வெள்ளை வணிகர் வயிற்றில் புளி கரைந்தது. சீட்டுக்கு ஈடாக நிலம் பெறலாம் என்று முன்பிருந்த விதியை 1891-இல் எடுத்துவிட்டனர். 1895-இல் ஒரு சட்டம் செய்தனர்: ஒப்பந்தம் முடிந்தால் ஊர் திரும்பு, அல்லது மறுபடியும் ஒப்பந்தத்தில் விழு, இரண்டுக்கும் இசையாவிட்டால் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி கட்டு. 1903-இல் அந்த வரியைப் பிள்ளைகள் தலையிலும் ஏற்றினர். மகனுக்குப் பதினாறு வயது, மகளுக்குப் பதின்மூன்று வயது நிரம்பினால் போதும். மூன்று பவுன் என்பது அறுபது ஷில்லிங். நம் பள்ளிக் கணக்காசிரியரிடம், முதலாண்டுக் கூலி பத்து ஷில்லிங் என்றால் இது எவ்வளவு என்று கேட்டோம். "ஆறு மாசச் சம்பளம்" என்றார், விரலை மடக்காமலே. 1913-இல் சுரங்கத்திலும் தோட்டத்திலும் வேலை நிறுத்தம் மூண்டது. அடுத்த ஆண்டு வரி ஒழிந்தது. சிறை சென்று நோயுற்றுப் பதினாறு வயதில் மாண்ட தில்லையாடி வள்ளியம்மையை நம் பிள்ளைகள் அறிவார்கள். தில்லையாடி அவருடைய தாயாரின் ஊர். வள்ளியம்மை பிறந்தது ஜோகன்னசுபர்க்கில். "திரும்பிப் போ" என்று அவரிடம் சொன்னால் அவர் எங்கே திரும்புவது?

அதையும் சொன்னார்கள். 1927-ஆம் ஆண்டு ஏற்பட்ட கேப்டவுன் உடன்பாட்டின்படி, நாட்டை விட்டு இந்தியாவுக்குப் போகிறவர்களுக்கு வயது வந்தவர் தலைக்கு இருபது பவுன் கையில் கொடுத்துக் கப்பலேற்றினர். கூலி கொடுத்து அழைத்தவர்கள் கைக்கூலி கொடுத்து விரட்டலாயினர்! அப்படித் திரும்பியவர்கள் இங்கே வந்து பட்ட பாட்டை, 1931-இல் பவானி தயாள் சன்னியாசியும் பனாரசிதாஸ் சதுர்வேதியும் வெளியிட்ட அறிக்கை எடுத்துரைத்தது. வேலையில்லை; சாதி கெட்டவர் என்று உறவும் ஒட்டவில்லை. தென்னாப்பிரிக்க அரசு இவர்களை நாட்டின் நிலையான மக்கள் என்று ஏற்றுக்கொண்டதோ 1961-இல். முதற்கப்பல் போய் நூற்றோர் ஆண்டு ஆன பிறகு!

இத்தனையும் படித்தபின், நம் பெயருக்கு வந்திருக்கும் திரும்பும் சீட்டை வெறுந்தாளாகப் பார்க்க முடியவில்லை. எட்டாம் நாள் வீடு திரும்பலாம், அதை எவனும் தடுக்கப் போவதில்லை, எவனும் பிடித்துத் தள்ளப் போவதுமில்லை என்ற துணிவிலேதான் நாம் கடற்கரை எங்கே, கடைத்தெரு எங்கே என்று படம் விரித்துப் பார்க்கிறோம்.

இனி ஏற்பாட்டைச் சொல்வோம். சென்னையிலிருந்து டர்பனுக்கு நேர் விமானம் இல்லை. மூன்று வழிகளை எடை போட்டோம். ஜோகன்னசுபர்க் சென்று அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பயணம் என்பது ஒன்று. எத்தியோப்பியா, கென்யா வழியாகப் போவது மற்றொன்று. கட்டணம் சற்றே குறைவாகத் தெரிந்தது. ஆனால் அவை மஞ்சள் காய்ச்சல் நாடுகளின் பட்டியலில் உள்ளவை. வழியில் தங்க நேர்ந்தால் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகே அச்சான்று செல்லும். ஆகவே துபாயில் இறங்கி மாறும் வழியைத் தேர்ந்தோம். சென்னையிலிருந்து துபாய்க்கு நான்கு மணி நேரம், அங்கிருந்து டர்பனுக்கு எட்டரை மணி நேரம். ஐந்து வாரம் பன்னிரண்டரை மணியாகச் சுருங்கிவிட்டது. அந்நாட்டுக் கடிகாரம் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்தங்கியது. கடவுச்சீட்டில் வெற்றுப் பக்கம் இரண்டேனும் இருக்க வேண்டும், அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பின் முப்பது நாளாவது அது செல்லுபடியாக வேண்டும். நம் கடவுச்சீட்டில் எல்லாப் பக்கமும் வெறுமைதான்!

பணம்? போகவர விமானக் கட்டணம் நம் மூன்று திங்கள் ஊதியம். தங்கல், உணவு, விசா, உள்ளூர்ப் போக்குவரத்து எல்லாம் சேர்ந்து அதே அளவு. இரண்டரை ஆண்டுச் சேமிப்பு இதில் கரைகிறது. தாய்மாமனுக்கு இது பொறுக்கவில்லை. "ரெண்டு பவுன் எடுத்து வச்சா நாளைக்கு உன் கல்யாணத்துக்கு ஆகுமே மாப்பிள்ளை!" என்றார். அவர் சொன்ன பவுன் வேறு, நேட்டாலில் வரியாகக் கட்டிய பவுன் வேறு. ஆனால் ஒரே சொல். எங்கிருந்தோ வந்து நம் நகைக்கடை வரை ஏறிவிட்ட சொல்.

மாமாவிடமிருந்து இன்னொரு தடையும் வந்தது. விமானம் புறப்படுவது செவ்வாய்க்கிழமை விடியற்காலை நான்கு மணிக்குச் சற்று முன். செவ்வாய் ஆகாது என்றார். சீட்டை மாற்றினால் தண்டம் கட்ட வேண்டும். என்ன செய்வது? பஞ்சாங்கத்தையே எடுத்து அவர் முன் வைத்தோம். பஞ்சாங்கத்துக்கு நாள் பிறப்பது கதிரவன் எழும்போது; விமானக் கம்பெனிக்கு நாள் பிறப்பது நள்ளிரவில். ஆகவே நான்கு மணிக்கு மாமாவின் கணக்கில் இன்னும் திங்கட்கிழமைதான்! மாமா சற்று நேரம் விட்டத்தைப் பார்த்தார். "அப்ப சரி" என்றார். டர்பனுக்குத் தெற்கே ஈசிப்பிங்கோ என்னுமிடத்து மாரியம்மன் கோயிலில் ஆண்டுப் பெருவிழா ஈஸ்டரை ஒட்டி, புனித வெள்ளி நாளில் நடக்கிறது. தோட்டத்தில் அடைபட்டுக் கிடந்தவர்க்கு முதலாளி விடுமுறை விட்ட நாளில்தானே கூட முடியும்? ஆத்தாளும் அந்த நாளுக்கு இசைந்துவிட்டாள். மாமாவிடம் இதைச் சொல்லவில்லை. திரும்பி வந்து சொல்லலாம் என்றிருக்கிறோம்.

மே திங்கள் அங்கே இலையுதிர் காலத்தின் கடைசி. மழை குறைவு, வெயில் இதம், கடல்நீரில் வெம்மை இருக்கும். கம்பளி மூட்டை வேண்டியதில்லை. மின்செருகி பற்றிப் பலர் அச்சுறுத்தினர். ஆனால் அந்நாட்டின் பழைய பெரிய செருகி, நம் வீடுகளில் தண்ணீர் சூடாக்கிக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் பொருத்தும் பெரிய மூன்று முனைச் செருகியேதான். ஒரே வெள்ளைக்காரன் இரு நாட்டிலும் கம்பி இழுத்ததால் விளைந்த பயன் போலும்! விமானத்தில் மணிக்கொரு முறை எழுந்து நடக்க வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், காலில் குருதி உறையும் என்று மருத்துவர் சொன்னார், செய்துகொள்ளலாம். அன்னையார் ஊறுகாயும் முறுக்கும் கட்டித் தருவதாக இருக்கிறார். அந்நாட்டார் உணவுப் பொருள்களைச் சோதிப்பவர்கள், எதைக் கொண்டு வந்தாலும் சொல்லிவிட வேண்டும் என்றோம். "அங்க சோத்துக்கு என்ன பண்ணுவ?" என்று கவலைப்பட்டார். டர்பனில் விக்டோரியா தெருச் சந்தையில் மிளகாய்த்தூளும் மசாலாவும் மலைபோல் குவித்து விற்கிறார்கள் அம்மா, ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பை ஊற்றிப் 'பன்னி சௌ' என்று தருகிறார்கள் என்று சொன்னதும், அன்னையாரின் முகத்தில் முதன்முறையாகத் தெளிவு தோன்றியது.

எங்கே தங்குவது என்பதில்தான் நமக்கும் புவியியலாருக்கும் வழக்கு. கடற்கரை விடுதி என்கிறார் அவர். அகுல்காசு என்னும் வெப்ப நீரோட்டம் அந்தக் கரையோரம் ஓடுவதையும், சுறா வராதிருக்க 1952 முதல் அங்கே வலை கட்டியிருப்பதையும் அவர் இரண்டு திங்களாக ஆசிரியர் அறையில் சொல்லி வருகிறார். கடலை நாமும் வெறுக்கவில்லை. ஆனால் அந்தக் கடற்கரையில் ஒரு பலகை நின்றது. இந்த நீராடுமிடம் வெள்ளை இனத்தார்க்கு மட்டுமே உரியது என்று ஆங்கிலம், ஆப்பிரிகான்சு, சூலு ஆகிய மூன்று மொழியிலும் எழுதி வைத்திருந்தார்கள். படிக்கத் தெரியவில்லை என்று எவனும் தப்பிவிடக்கூடாதாம்! கடற்கரைகள் எல்லார்க்கும் திறந்துவிடப்படும் என்று அன்றைய அதிபர் தெ கிளார்க் அறிவித்த நாள் 1989-ஆம் ஆண்டு நவம்பர் 16. ட்ரூரோ கப்பல் துறை சேர்ந்த அதே நவம்பர் 16! துறைக்கு வர ஐந்து வாரம். கரை முழுவதிலும் தடையின்றிக் கால் நனைக்க 129 ஆண்டு. முதல் மூன்று இரவு கடற்கரையில் தங்குவது என்று இசைந்துவிட்டோம். அங்கே ஒரு நாள் வெயில் எழுமுன் நடந்து பார்க்க வேண்டும். இருட்டிய பின் நகர நடுவில் கால்நடையாகத் திரிய வேண்டாம் என்று போய் வந்தோர் எல்லாரும் ஒரே குரலில் கூறுகின்றனர். அதைக் கேட்டுக்கொள்வதே அறிவுடைமை.

எஞ்சிய நாட்களுக்குச் சேட்ஸ்வர்த் பகுதியில் ஒரு வீட்டு அறையை அமர்த்தியிருக்கிறோம். சேட்ஸ்வர்த் தானாக முளைத்த ஊரன்று. 1950-ஆம் ஆண்டின் பகுதிப் பிரிப்புச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இனத்துக்கோர் இடம் என்று கோடு கிழித்து, கேட்டோ மேனரில் தோட்டமும் துரவுமாக வாழ்ந்தவர்களையும், நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்சில் இருந்தவர்களையும் 1960-களில் பெயர்த்தெடுத்து வந்து நட்ட ஊர். அங்கே வீட்டில் பேசும் மொழி இன்று பெரும்பாலும் ஆங்கிலம். தமிழ் பாட்டிமாரின் வாயிலும் அடுப்படியிலும் கோயிலிலும் எஞ்சியிருக்கிறது. கற்றுத் தரச் சங்கங்கள் முயல்கின்றன. 1996-இல் நிறைவேறிய அந்நாட்டு அரசியல் சட்டமோ, போற்றி வளர்க்க வேண்டிய மொழிகளுள் ஒன்றாகத் தமிழைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. சட்டத்தில் பெயர் ஏறிவிட்டது. பிள்ளைகளின் நாவில் ஏறவேண்டும். பள்ளியாசிரியனுக்கு அந்த வேலையின் சுமை தெரியும். ஊரார் தாமே பணம் திரட்டிக் கட்டிய பள்ளிகள் அங்கே பல. கரும்புக் கூலியில் மிச்சம் பிடித்துக் கல் வாங்கியவர்கள்! 1929-இல் தொடங்கிய சாஸ்திரி கல்லூரி என்னும் உயர்நிலைப் பள்ளியை வெளியே நின்றாவது பார்த்து வர எண்ணம்.

நம்மவர், நம்மவர் என்று தேடிக்கொண்டு போகிறவனுக்கு ஒரு தீங்கு உண்டு. அந்த மண்ணின் மக்கள் அவன் கண்ணில் படாமலே போவார்கள். 1949 சனவரியில் டர்பனில் கலவரம் மூண்டு 142 பேர் மாண்டனர். அவர்களில் இந்தியரும் உண்டு, அவர்களைவிட மிகுதியாக ஆப்பிரிக்கர் உண்டு. 2021 சூலையில், நாடெங்கும் கொள்ளையும் தீவைப்பும் பரவிய நாட்களில், இந்தியர் மிகுந்த ஃபீனிக்ஸ் பகுதியில் தெருவை அடைத்து நின்றவர்களால் முப்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். மாண்டவருள் பெரும்பாலோர் கறுப்பர். அடிபட்டவன் பேரன் அடிக்கவும் கற்றுக்கொள்வான் என்பதை மறைத்துவிட்டு வள்ளியம்மையின் புகழை மட்டும் பாடிக்கொண்டு திரும்புவதற்கு இவ்வளவு செலவு எதற்கு? ஆகவே ஐந்தாம் நாள் முழுதும் இனாண்டாவுக்கு ஒதுக்கியிருக்கிறோம். 1904-இல் காந்தியார் அமைத்த ஃபீனிக்ஸ் குடியிருப்பு அங்கே இருக்கிறது. 1985-இல் எரிக்கப்பட்டு, பின்னர்ச் சீர் செய்யப்பட்டது. சிறிது தொலைவில் ஓலாங்கே பள்ளி. ஜான் டூபே என்னும் சூலு அறிஞர் தம் மக்களுக்காக நிறுவியது. ஆப்பிரிக்க தேசிய காங்கிரசாகப் பின்னர் வளர்ந்த அமைப்புக்கு 1912-இல் முதல் தலைவரானவர் அவர். 1994-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள், தம் வாழ்வில் முதன்முறையாக வாக்களிக்க மண்டேலா தேர்ந்துகொண்ட இடம் அந்தப் பள்ளி. நாட்டில் எத்தனையோ மாளிகைகள் இருக்க, ஒரு பள்ளிக்கூடம்! நாம் இறங்கப் போகும் விமான நிலையத்துக்கும் சூலு மன்னர் சாக்காவின் பெயர்தான். 2010-இல் திறந்தார்கள். சுற்றிலும் கரும்புக் காடு.

இனிப் பட்டியல். அந்தக் கப்பற் பட்டியல்களின் படிகள் டர்பனில் பல்கலைக்கழக ஆவண நடுவத்தில் உள்ளன. 1860-இன் பெயர் தாங்கிய மரபு நிலையமும் நகரில் உண்டு. இரண்டு நாள் அங்கே அமர்ந்து படிப்பதாகத் திட்டம். எதைத் தேடுவது? நமக்குத் தேடப் பாட்டன் இல்லை என்றோம் அல்லவா? வகுப்பில் நாற்பத்து மூன்று பிள்ளைகள். ஆளுக்கொரு தாளில் தம் ஊர், தாயின் ஊர், பாட்டியின் ஊர் எழுதித் தரச் சொன்னோம். அறுபத்தேழு ஊர்கள் சேர்ந்தன. அவற்றில் எந்த ஊரிலிருந்தாவது எவராவது போயிருக்கிறாரா என்று பார்த்து, எழுதிக்கொண்டு வருவோம். ஆங்கிலேய எழுத்தன் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப் பெயர்கள் அவை. உரக்கப் படித்துப் பார்த்தால்தான் நம் ஊர் எழுந்து வரும்.

இங்கேதான் ஒரு சிக்கல், இன்னும் தீரவில்லை. சாதிப் பத்தியையும் எழுதிக்கொண்டு வருவதா? விட்டுவிட்டால் வரலாற்றை மறைத்தவராவோம். கொண்டு வந்து வகுப்பில் படித்தால், ஒரே பலகையில் அமர்ந்திருக்கும் இருவரிடையே "அது உங்க ஆளா, எங்க ஆளா" என்று மறுநாளே கேள்வி முளைக்கும். நூற்றைம்பது ஆண்டுக்கு முன் கப்பலில் கரையத் தொடங்கியதை நாம் கரைக்குத் தூக்கி வந்து உலர்த்தியதாகும். புவியியலார், "ஆவணம் என்றால் முழு ஆவணம்" என்கிறார். தலைமையாசிரியர், "வம்பு வேண்டாம், தம்பி" என்கிறார். முழுவதையும் எழுதிக்கொள்வது, வகுப்பில் பெயரும் வயதும் ஊரும் படிப்பது, மற்றதைக் கேட்கிற பிள்ளைக்கு உட்கார வைத்து விளக்குவது என்று இப்போதைக்கு முடிவு செய்திருக்கிறோம். கேட்பார்கள், நம் பிள்ளைகள் கேட்கக்கூடியவர்கள்.

அங்குள்ள ஒரு பள்ளி மாணவரிடம் கேட்கச் சொல்லி முப்பத்தெட்டுக் கேள்விகள் தந்திருக்கிறார்கள். மழை எப்போது வரும், பள்ளியில் மதிய உணவு உண்டா, தேர்வில் தோற்றால் அடிப்பார்களா, வீட்டில் தமிழ்ப் பெயர் வைக்கிறார்களா என்றெல்லாம். முதற்கேள்வி அந்தச் சிறுமியுடையது: திரும்பிப் போகாமல் ஏன் இருந்துவிட்டீர்கள்? கடைசி வரிசைப் பையன் ஒருவன் எழுதித் தரவில்லை; நடைவழியில் மறித்துக் கேட்டான். "அங்க கரும்பு கடிக்கக் குடுப்பாங்களா சார்?" முப்பத்தொன்பதாக அதையும் குறித்துக்கொண்டோம்.